நாம்சான் மலையில் ஈஸ்டர்

ஈஸ்டர் நெருங்கும்போது நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டும் கன்வென்ஷன் போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். "தேசத்தில் எழுப்புதல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஒரு நாடே மனம் திரும்பி, புதிதாக எழுந்து நிற்க வேண்டும் என்ற ஆசை அது. அந்த மேடைகளில் பேசுகிறவர்கள் அடிக்கடி உதாரணம் காட்டும் நாடு கொரியா. அந்த ஜனங்கள் விடியற்காலையில் எழுந்து ஜெபித்தார்கள், அதனால் இன்று சாம்சங் என்ன, ஹூண்டாய் என்ன என்று முடித்துவிடுவார்கள்.

நான் படிப்பது பி.காம். "அதனால்" என்ற சொல்லைக் கண்டால் வவுச்சர் எங்கே என்று கேட்கத்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டு தேடிப் போனதில் சாம்சங் பாதி வழியிலேயே காணாமல் போய்விட்டது. அதைவிடப் பெரிய கதை ஒன்று கிடைத்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1885ஆம் ஆண்டு ஏப்ரல் 5. அன்று ஈஸ்டர் ஞாயிறு. இப்போது இஞ்சியோன் என்று அழைக்கப்படும் துறைமுகத்தில், அப்போது அதற்கு செமுல்போ என்று பெயர், இரண்டு அமெரிக்க மிஷனரிகள் வந்து இறங்கினார்கள். ஹொரேஸ் அண்டர்வுட்டுக்கு வயது 25, ஹென்றி அப்பென்செல்லருக்கு 27. நம்மைவிட நாலைந்து வயது மூத்தவர்கள், அவ்வளவுதான். ஒருவர் பிரஸ்பிட்டேரியன், இன்னொருவர் மெதடிஸ்ட். யார் முதலில் கரையில் கால் வைத்தது என்று இரண்டு சபைக்காரர்களுக்கும் சண்டை வரக்கூடாது என்பதால், அப்பென்செல்லரின் கர்ப்பிணி மனைவியை முதலில் இறங்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. கல்லறையின் தாழ்ப்பாளை உடைத்தவர் இந்த மக்களைக் கட்டியிருக்கும் தளைகளையும் உடைக்கட்டும் என்ற பொருளில் அப்பென்செல்லர் அன்றைக்கு ஜெபித்ததாக எழுதி வைத்திருக்கிறார். கொரியாவில் ஈஸ்டரும் நாட்டின் விடுதலையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது அந்தக் கரையில்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் காலி மைதானத்துக்கு வரவில்லை. கத்தோலிக்கர்கள் 1784 முதலே அங்கே இருந்தார்கள், ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டும் இருந்தார்கள். புராட்டஸ்டன்ட் பக்கத்திலும் சோ சாங்-ரியுன் என்ற ஜின்செங் வேர் வியாபாரி மஞ்சூரியாவுக்குச் சரக்கோடு போன இடத்தில் நோயில் விழுந்து, ஸ்காட்லாந்து மிஷனரிகளால் பிழைத்து, பைபிளைக் கொரிய மொழியில் பெயர்க்கும் வேலையில் சேர்ந்திருந்தார். லூக்கா நற்செய்தி 1882இலேயே அச்சாகிவிட்டது. அதுவும் பிரபுக்கள் மதித்த சீன எழுத்தில் இல்லை. பெண்களும் பாமரரும் படிக்கும் ஹங்குல் எழுத்தில். ஒரு வியாபாரியின் மூட்டையில் ஒரு மதம் எல்லை தாண்டியது என்பது என்னைப் போன்ற காமர்ஸ்காரனுக்குப் பிடித்த செய்தி.

1890இல் சீனாவிலிருந்து ஜான் நெவியஸ் என்ற மூத்த மிஷனரி சியோலுக்கு வந்து இரண்டு வாரம் தங்கினார். அவர் சொன்னது எளிமையானது. வெளிநாட்டுப் பணத்தில் கோயில் கட்டாதே, ஊர்க்காரர்களே கட்டட்டும். வெளிநாட்டுச் சம்பளத்தில் ஊழியர் வைக்காதே, சபையே கொடுக்கட்டும். கொரிய சபைகள் இதைப் பிடித்துக்கொண்டன. பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு கரண்டி அரிசியைத் தனியாக எடுத்து வைத்துக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். (நம் திருநெல்வேலிப் பக்கச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்று சொல்வார்களே, அதேதான்.) பணம் இல்லாதவர்கள் நாட்களைக் கொடுத்தார்கள். வருடத்தில் இத்தனை நாள் என் செலவில் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறேன் என்று எழுதிக் கொடுப்பார்கள். தன் காலில் நிற்கும் பழக்கம் முதலில் இந்தச் சமையலறைகளில்தான் வந்தது.

இப்போது 1907க்கு வருவோம். மேடைகளில் சொல்லப்படும் எழுப்புதல் இதுதான். இடம், இன்றைய வடகொரியத் தலைநகர் பியோங்யாங். நாட்டின் நிலைமை படுமோசம். 1905 நவம்பரில் ஜப்பான் மிரட்டி ஒப்பந்தம் போட்டு, கொரியாவின் வெளியுறவு முழுவதையும் பறித்துக்கொண்டது. மக்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். சபைகள் அரசியல் கூடாரமாகிவிடுமோ என்று மிஷனரிகளுக்குப் பயம். இதே காலத்தில் வேல்ஸ் நாட்டிலும் இந்தியாவிலும் எழுப்புதல் நடக்கிறது என்ற செய்தி 1906இல் அங்கே வந்து சேர்ந்தது. ஆமாம், இந்தியாவிலும்தான். கொரியாவைப் பார் என்று இன்று நமக்குச் சொல்கிறார்கள், அன்றைக்கு அவர்கள் நம் பக்கம் பார்த்திருக்கிறார்கள்!

ஜனவரியில், ஜாங்டேஹியோன் தேவாலயத்தில், ஆண்களுக்கான வேதபாட வகுப்பு. மாலைக் கூட்டத்தில் சுமார் 1500 பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபித்தார்கள், பிறகு ஒவ்வொருவராக எழுந்து நின்று தாங்கள் செய்ததைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதில் மறக்க முடியாதவர் கில் சன்-ஜு. அந்தச் சபையின் மூப்பர், கண்பார்வை மிக மங்கியவர், ஊரே மதித்த மனிதர். அவருடைய நண்பர் ஒருவர் சாகும் தறுவாயில், என் சொத்தைப் பிரித்து ஒழுங்குபண்ணி என் மனைவிக்கு உதவு என்று கேட்டிருந்தார். அந்தப் பணத்தில் சுமார் 100 டாலர் மதிப்புக்குக் கில் தனக்கென எடுத்துக்கொண்டார். அதை 1500 பேர் முன்னால் சொன்னார். நாளைக்கே அந்த விதவையிடம் திருப்பிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னார்.

எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு நம்பிக்கை மோசடி என்று பெயர். ஆடிட்டர் யாரும் கண்டுபிடிக்கவில்லை, விதவை வழக்குப் போடவில்லை, கணக்கு அமைதியாக மூடப்பட்டுவிட்டது. அதைத் தானே திறந்தார் ஒருவர். அதன் பிறகு பல நாட்கள் அந்த ஊரில் ஆட்கள் வீடு வீடாகப் போய்த் திருடியதையும் ஏமாற்றியதையும் திருப்பிக் கொடுத்தார்கள். கிறிஸ்தவர் அல்லாத வியாபாரிகளுக்கும் பழைய பாக்கி வந்து சேர்ந்தது. எனக்கு அந்தக் கூட்டத்தின் அழுகையைவிட இந்த நடைதான் பெரிதாகத் தெரிகிறது. கூட்டத்தோடு சேர்ந்து அழுதுவிடலாம். பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது வேறு விஷயம்.

அடுத்த மாதமே, பிப்ரவரியில், தெற்கே டேகு நகரத்தில் வேறொரு கணக்கு திறக்கப்பட்டது. கொரிய அரசு ஜப்பானுக்குக் கொடுக்க வேண்டிய கடன் 1 கோடியே 30 லட்சம் வோன். இதை மக்களே அடைத்துவிடுவோம் என்று கிளம்பினார்கள். தொடங்கியவர்களில் சோ சாங்-டோன் கத்தோலிக்க வியாபாரி. திட்டம் இதுதான்: 2 கோடி மக்களும் மூன்று மாதம் புகையிலையை நிறுத்தினால், தலைக்கு மாதம் 20 ஜோன் மிச்சம். 100 ஜோன் ஒரு வோன். போட்டுப் பாருங்கள், 1 கோடியே 20 லட்சம் வருகிறது. மீதிக்கு வசதி உள்ளவர்கள் கூடுதலாகப் போட வேண்டியது. பெண்கள் மோதிரத்தையும் கொண்டை ஊசியையும் கழற்றிக் கொடுத்தார்கள். 2 கோடியில் குழந்தைகளும் அடக்கமாச்சே, அவர்கள் எங்கே புகைத்தார்கள் என்று கேட்காதீர்கள். பட்ஜெட் என்றால் அப்படித்தான். நிதியைக் கையாண்ட பத்திரிகை ஆசிரியர் யாங் கி-டாக் மீது 1908இல் கையாடல் வழக்குப் போட்டு இயக்கத்தை முடக்கினார்கள். வழக்கு நிற்கவில்லை, அவர் விடுதலையானார். ஆனால் இயக்கம் எழவில்லை. 1910இல் நாடே ஜப்பானுக்குப் போய்விட்டது.

ஒரே குளிர்காலத்தில் இரண்டு கடன் தீர்ப்புகள். ஒன்று தன் கடன், இன்னொன்று நாட்டின் கடன். பியோங்யாங் எழுப்புதல் மக்களின் கோபத்தைத் தணித்து ஜப்பானுக்கு வசதி செய்து கொடுத்துவிட்டது என்று விமர்சிக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 1919 மார்ச் 1 அன்று வெளியான விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் 16 பேர் புராட்டஸ்டன்ட்கள். மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறமாட்டார்கள். அந்த 16இல் நம் கில் சன்-ஜுவும் ஒருவர்! தன் 100 டாலரைச் சொல்லத் துணிந்தவருக்கு இதைச் சொல்லவும் துணிவு இருந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். பியோங்யாங்கில் இன்னொருவர், சோ மான்-சிக், 1920இல் கொரியப் பொருளையே வாங்குவோம் என்ற சுதேசி இயக்கத்தைத் தொடங்கியவர். காந்தியைப் படித்தவர், கொரியாவின் காந்தி என்றே அவருக்குப் பெயர்.

1919க்கு விலையும் கொடுத்தார்கள். ஏப்ரல் 15 அன்று ஜேயாம்-ரி என்ற கிராமத்துக்கு வந்த ஜப்பானியப் படை, ஆண்களைத் தேவாலயத்துக்குள் கூட்டி, கதவை அடைத்து, சுட்டு, தீ வைத்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தப் படையை நடத்தி வந்த அதிகாரி ராணுவ நீதிமன்றத்தில் விடுதலையானார். அது பரிசுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை. அந்த வருட ஈஸ்டர் ஏப்ரல் 20.

இதுவரை கேட்டால் வீரக் கதைதான். மேடைகளில் இதற்கு மேல் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் விடுவது இனிமேல்தான் வருகிறது.

சியோல் நகரின் நடுவில் நாம்சான் என்று ஒரு மலை. 1925இல் அதன் மேல் ஜப்பானியர்கள் பெரிய ஷிண்டோ கோயில் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். சூரிய தேவி அமதெரசுவும் பேரரசர் மெய்ஜியும் அங்கே தெய்வங்கள். 1930களில் பள்ளிக்கூடம், அலுவலகம், சபை எல்லாமே இத்தகைய ஜப்பானியக் கோயில்களின் முன் போய்த் தலை வணங்க வேண்டும் என்று கட்டாயமானது. இது மதச் சடங்கு இல்லை, வெறும் தேசபக்தி என்பது அரசின் வாதம். 1938 செப்டம்பரில் பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுப்பேரவை கூடியது. எங்கே? அதே பியோங்யாங்கில். பிரதிநிதிகளுக்கு நடுநடுவே போலீஸ் உட்கார்ந்திருந்தது. ஷிண்டோ கோயிலில் வணங்குவது கிறிஸ்தவ நம்பிக்கைக்கு விரோதமல்ல என்று தீர்மானம் வந்தது. ஆதரிப்பவர்கள் உண்டா என்று தலைவர் கேட்டார். எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்கவே இல்லை. ஆட்சேபம் சொல்ல எழுந்த மிஷனரிகளைத் தடுத்துவிட்டார்கள். தீர்மானம் நிறைவேறியது. கம்பெனிச் சட்டத் தேர்வில் இந்தக் கூட்டம் செல்லுமா என்று கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அது செல்லுபடியானது. பிரதிநிதிகள் சிலர் அன்றே போய் வணங்கிவிட்டு வந்தார்கள்.

31 வருடம் முன்னால் 100 டாலரை ஒளிக்க முடியாமல் தவித்த ஊர் அது.

அப்போது போலீஸ் காவலில் இருந்த போதகர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூ கி-சோல். அண்டர்வுட் தொடங்கிய கல்லூரியில் இவர் முதலில் சேர்ந்தது வணிகப் பிரிவில்! கண் நோயால் படிப்பை விட்டார், பிறகு போதகரானார். சோ மான்-சிக் மூப்பராக இருந்த சபைக்கே போதகர். வணங்கமாட்டேன் என்றார், திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். 1939 டிசம்பரில் அவருடைய சொந்தச் சபை மன்றமே அவரைப் போதகர் பதவியிலிருந்து நீக்கியது. 1944 ஏப்ரல் 21 அன்று சிறையில் இறந்தார். ஈஸ்டர் கழிந்து 12 நாள். அந்தப் பதவி நீக்கத்தைச் சபை ரத்து செய்தது 1997இல்தான்.

1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் தோற்றது. நாம்சான் கோயிலை ஜப்பானியர்களே அந்த அக்டோபரில் பிரித்து எடுத்துவிட்டுப் போனார்கள். நாடு 38ஆம் அட்சரேகையில் இரண்டானது. வடக்கிலிருந்து கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே நடந்தார்கள். சோ மான்-சிக் மட்டும் என் மக்களை விட்டு வரமாட்டேன் என்று பியோங்யாங்கில் தங்கினார். 1946 முதல் சோவியத் காவலில் இருந்தார், திரும்பி வரவில்லை. (அந்த ஊரை ஆள வந்த கிம் இல்-சுங்கின் தாயும் ஒரு பிரஸ்பிட்டேரியன் மூப்பரின் மகள்தான்.)

1947 ஏப்ரல் 6, ஈஸ்டர் விடியற்காலை. சியோலின் சபைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, முதல் முறையாக ஒரே ஈஸ்டர் ஆராதனை நடத்தின. இடம், நாம்சானில் அந்த ஷிண்டோ கோயில் இருந்த மனை. எந்த இடத்தில் குனிந்தார்களோ அங்கேயே கூடிச் சூரியன் உதிப்பதைப் பார்த்துக்கொண்டு பாடினார்கள். நாடு புதிதாக உயிர்க்கப் போகிறது என்று உண்மையாகவே நம்பினார்கள்.

ஆனால் யார் குனிந்தது, யார் குனியவில்லை என்ற கணக்கு சரியாகத் திறக்கப்படவே இல்லை. சிறையிலிருந்து வந்தவர்கள், வணங்கிய போதகர்கள் கொஞ்ச காலம் விலகியிருந்து மனம் வருந்த வேண்டும் என்று கேட்டார்கள். நாங்களும் சபையைக் காப்பாற்றத்தான் பாடுபட்டோம் என்று எதிர்த்தரப்பு சொன்னது. சபை இரண்டாகப் பிளந்தது. 1907இல் நடந்தது 1947இல் நடக்கவில்லை.

அதற்குப் பதில் ஆட்சி கிடைத்தது. 1948 மே 31 அன்று தென்கொரியாவின் முதல் நாடாளுமன்றம் கூடியபோது, தலைமை வகித்த சிங்மான் ரீ, உறுப்பினராக வந்திருந்த ஒரு போதகரை எழுப்பி ஜெபம் செய்யச் சொல்லித்தான் தொடங்கினார். ரீ படித்தது அப்பென்செல்லர் தொடங்கிய பள்ளியில், மூப்பரானது அப்பென்செல்லர் தொடங்கிய தேவாலயத்தில். எழுப்புதல் மேடைகள் கேட்கும் கனவுக் காட்சி இதுதான் இல்லையா? அதே வருடம் ஜேஜு தீவில் அரசு நடத்திய வேட்டையில், வடக்கிலிருந்து தப்பி வந்த இளைஞர்களின் சங்கம் முன்னணியில் நின்றது. அதில் கிறிஸ்தவ இளைஞர்களும் இருந்தார்கள். அந்த வருடங்களில் செத்தவர்கள் 25,000 முதல் 30,000 வரை என்று அரசுக் குழுவின் 2003 அறிக்கை மதிப்பிட்டது. 1960 மார்ச்சில் ரீயின் கட்சி தேர்தலில் தில்லுமுல்லு செய்தது. ஏப்ரல் 19 அன்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் சுட்டது. ஈஸ்டர் முடிந்து இரண்டாம் நாள் அது. ஒரு வாரத்தில் ரீ பதவி விலகினார்.

அன்று அதிபர் மாளிகைக்கு அருகில் ஒரு திருமணத்தை நடத்தி வைத்துவிட்டு வெளியே வந்த பார்க் ஹியோங்-கியு என்ற போதகர், ரத்தம் வழியத் தூக்கிச் செல்லப்படும் மாணவர்களைப் பார்த்தார். சிலுவையில் இருந்தவரைப் பார்த்தது போலிருந்தது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். 13 வருடம் கழித்து, 1973 ஏப்ரல் 22, ஈஸ்டர். மறுபடியும் நாம்சான். அப்போது ஆட்சி பார்க் சுங்-ஹீயின் ராணுவ ஆட்சி, அரசியல் சட்டத்தையே மாற்றிச் சாகும்வரை ஆள வழி செய்துகொண்டு அரை வருடம் ஆகியிருந்தது. உளவுத்துறையின் தலைமையகமும் இதே மலையில்தான். "நாம்சானுக்குக் கூட்டிப் போனார்கள்" என்றால் சியோல்காரர்களுக்கு வயிறு கலங்கும். அந்த மலையில், பெரும் கூட்டம் கூடிய ஈஸ்டர் ஆராதனையில், ஜனநாயகம் உயிர்த்தெழ வேண்டும் என்று துண்டுப்பிரசுரம் கொடுக்கவும் பதாகை பிடிக்கவும் போதகர் பார்க்கின் ஆட்கள் திட்டமிட்டார்கள். கூட்டத்தில் பயந்துபோய்விட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பதாகை விரியவே இல்லை, சில தாள்கள் மட்டும் கைமாறின. இரண்டு மாதம் கழித்து மோப்பம் பிடித்த அரசு, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி என்று வழக்குப் போட்டது! போதகருக்கு 2 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது, சில நாட்களில் ஜாமீனும் வந்தது.

கையில் சில தாள்கள், விரியாத ஒரு பதாகை. ஆனாலும் 1885இல் அப்பென்செல்லர் செய்த ஜெபத்துக்கு, 1948இன் நாடாளுமன்ற ஜெபத்தைவிட இது பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

சபைகள் அதன் பிறகு வளர்ந்த வேகம் உங்களுக்கே தெரியும். 2015 கணக்கெடுப்பில் தென்கொரியர்களில் ஐந்தில் ஒருவர் புராட்டஸ்டன்ட். நம் ஊர்ப் பிரசங்கிகள் அடிக்கடி பெயர் சொல்லும் பால் யாங்கி சோவின் சபை உலகத்திலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. அந்தச் சோவையும் 2014 பிப்ரவரியில் சியோல் நீதிமன்றம் நம்பிக்கை மோசடிக் குற்றவாளி என்றது. தன் மகனிடமிருந்த பங்குகளைச் சந்தை விலையைவிடப் பல மடங்குக்குச் சபையை வாங்கச் செய்ததில், சபைக்கு சுமார் 1300 கோடி வோன் நஷ்டம் என்று கணக்கு. கில் சன்-ஜுவின் 100 டாலரும் இதே தலைப்பில்தான் வரும். ஒரு வித்தியாசம், இதை வெளியே கொண்டுவர வழக்கறிஞர்கள் தேவைப்பட்டார்கள்.

கடைசியாக ஒருவர். ஹான் கியோங்-சிக். 1945 டிசம்பரில் வடக்கிலிருந்து வந்த 27 அகதிகளோடு சியோலில் ஒரு சபையைத் தொடங்கி, நாட்டின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்த்தவர். சொந்த வீடுகூட வைத்துக்கொள்ளாதவர், தென்கொரியக் கிறிஸ்தவத்தின் முகம் என்றே மதிக்கப்பட்டவர். 1992இல் அவருக்கு டெம்பிள்டன் விருது கிடைத்தது. 10 லட்சம் டாலருக்கு மேல் பரிசுப் பணம். சியோலில் பாராட்டு விழா வைத்தார்கள். எல்லோரும் புகழ்ந்து முடித்த பிறகு, 89 வயதில் எழுந்து நின்று, நான் பாவி, ஷிண்டோ கோயிலில் நானும் வணங்கினேன் என்று சொன்னார். அரை நூற்றாண்டாக அவரிடம் அதை யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

பரிசுப் பணம் முழுவதையும் வடகொரியாவுக்கான ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டார்.